ஜனவரியில் விரிந்த மொட்டு

அத்தியாயம் 14

ஜனவரி நடுவில் ஒரு மேப்பிள் மொட்டு விரிகிறது என்றால், ஓமியாவில் போன்சாய் மரம் வளர்க்கிற எங்கள் தெருக்காரர்கள் யாரும் கை தட்ட மாட்டார்கள். இந்தப் பாவத்தைச் செய்தது யார் என்றுதான் கேட்பார்கள்.

போன அத்தியாயத்தில் கனாயேவும் அதைத்தான் கேட்டாள். குளிர்காலக் கொட்டகையின் பின்தட்டில், இவபுச்சி ஐயா பராமரிக்க விட்டிருக்கும் மேப்பிள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கிளை நுனியெல்லாம் மொட்டின் மேல்தோல் பிளந்து, உள்ளே சிவப்பாக ஈரம் தெரிந்தது. ஏப்ரலில் தெரிய வேண்டிய சிவப்பு.

தூங்குகிற மரத்தைப் பனி ஒன்றும் செய்யாது. தொட்டி மண்ணே கல்லாகிப் போனாலும் அது பாட்டுக்குத் தூங்கும். விழித்துவிட்ட மரத்தின் கதை வேறு. மொட்டுக்குள் நீர் ஏறிவிட்டது. ஒரே ஒரு இரவு உறைந்தால் போதும், கிளை கிளையாகக் கறுத்துவிடும். மறுபடி தூங்க வைக்க எவனாலும் முடியாது.

நேற்றிரவு எப்படியோ தப்பித்தது. வைக்கோல் பாயைச் சுற்றி, கதவு இடுக்கெல்லாம் துணி திணித்து, கனாயே காவல் இருந்தாள். இன்றிரவு மைனஸ் நான்கு என்று காலையிலேயே வானொலி சொல்லிவிட்டது.

நெமோட்டோ தோட்டத்தின் மூத்த பெண் கனாயே. வயது நாற்பத்தேழு. கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது குளிர்காலமும் கொட்டகைச் சாவி அவள் கழுத்தில்தான் தொங்கியது. வெயில் வந்ததும் கதவைத் திறந்து காற்று விட வேண்டும். பத்து மணிக்குத் தண்ணீர், அதுவும் சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும் அளவுக்கு மட்டும். நாலு மணிக்குக் கதவை மூட வேண்டும். இதில் ஒரு நாள் பிசகியதில்லை.

இந்தப் புத்தாண்டுக்குத்தான் முதல் தடவையாக ஊருக்குப் போனாள். செண்டாயில் மகள் ஹருகாவுக்குப் பிரசவம். டிசம்பர் இருபத்தெட்டு இரவு தம்பி ரியோஹெய் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், ஜனவரி ஒன்பதாம் தேதி திரும்பினாள்.

அதுதான் இப்போது அவள் செய்த குற்றம்.

"தப்பு நடந்தது கொட்டகையில. கொட்டகை யார் பொறுப்பு?" என்றார் அப்பா தோகுஜி. எழுபத்தெட்டு வயது. இலையுதிர்காலத்தில் இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து தெற்குப் பார்த்த பெரிய அறையில் ஹீட்டர் பக்கத்திலேயே நாற்காலி. அங்கிருந்தே தோட்டத்தை ஆள்கிறார்.

"நான் ஊர்லயே இல்லப்பா."

"இல்லாம போனதுதான் தப்பு."

கனாயேவுக்குக் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைச் சுவரில் விட்டெறியலாம் போலிருந்தது. மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதித் தேநீர் வெளியே வந்துவிட்டது.

"உங்க பேத்திக்குக் குழந்தை பொறந்திருக்கு. அதப் பாக்கப் போனது தப்பா?"

"இவபுச்சி ஐயாவுக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லியாச்சு. ரெண்டு பேரும் போங்க. நீ குனிஞ்சு மன்னிப்புக் கேளு. கொட்டகை என் பொறுப்பு, கவனக்குறைவா இருந்துட்டேன்னு சொல்லு. அதோட விஷயம் முடிஞ்சுது."

ரியோஹெய் கறுப்பு சூட்டு போட்டுக்கொண்டு வாசற்படியில் தயாராக நின்றான். அக்காவைவிட நாலு வயது இளையவன். தோட்டத்தின் பெயர்ப்பலகையில் அடுத்து ஏறப்போகும் பெயர் அவனுடையது. பிப்ரவரிக் கண்காட்சியில் முதல் தடவையாக அவன் பெயரில் மரங்கள் போகின்றன. அந்தப் பட்டியலில் முதல் மரமே இந்த மேப்பிள்தான்.

அவன் மனைவி சிஹோ இனிப்புப் பெட்டியைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். யோகான். பயறும் சர்க்கரையும் சேர்த்துச் செங்கல் மாதிரி இறுக்கிய இனிப்பு. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கனமான பெட்டியாகத்தான் எடுத்துப் போவார்கள். பெட்டி கையை இழுக்க வேண்டும், அப்போதுதான் மரியாதை. சிஹோ மூன்று தடவை முடிச்சைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். நாத்தனார் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் இரு. வரேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கனாயே கொட்டகைக்குப் போனாள்.

மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிய வேண்டாமா? கொட்டகையில் நூற்றுப்பத்து மரங்கள். மற்ற நூற்றொன்பதும் குறட்டை விடாத குறையாகத் தூங்குகின்றன. இது ஒன்று மட்டும் விழிப்பானேன்?

பாயை விலக்கினாள். நேற்று மொட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் தொட்டியைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

தொட்டி பளபளத்தது.

உண்மையில் அது அவள் ஊரிலிருந்து வந்த அன்றே கண்ணில் பட்ட விஷயம். கண்காட்சிக்காக ரியோஹெய் இப்போதே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறான், பரவாயில்லை, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டாள். அதை நினைத்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

விரலால் மண்ணின் ஓரத்தைத் தடவினாள். பின்பக்கம், வேருக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில், ஏதோ மெத்தென்று பட்டது. இடுக்கியால் எடுத்தாள். பச்சைப் பாசி. நகத்தளவு துண்டு. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் அதே அளவு.

குளிர்காலத்தில் கொட்டகை மரத்துக்கு எவனும் பாசி வைக்க மாட்டான். பாசி என்பது நகை மாதிரி, ஆள் பார்க்கும்போது மட்டும் போடுவது. மரத்தை விருந்தறை மாடத்தில் வைப்பதற்கு முன்னால் மண்ணின்மேல் பாசியை ஒட்டுப்போடுவார்கள். தொட்டிக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். திரும்பி வந்ததும் பாசியைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். இதை எடுத்தவன் அவசரத்தில் பின்பக்கம் பார்க்கவில்லை.

இந்த மரம் எங்கோ போய் வந்திருக்கிறது. சும்மா போய் வரவில்லை. ஹீட்டர் ஓடும் அறையில் நாள்கணக்கில் உட்கார்ந்து, வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி, ஏமாந்து, திரும்ப இந்தக் குளிருக்குள் வந்து விழுந்திருக்கிறது.



மினி லாரியில் ஏறிக் கதவை அவள் அடித்த அடியில் கண்ணாடி அதிர்ந்தது.

"எங்கடா போச்சு மரம்?"

ரியோஹெய் வண்டியைக் கிளப்பினான். "எந்த மரம்?"

"என்கிட்டயா நடிக்கிற? பாசி வெச்சிருக்கு. தொட்டிக்கு எண்ணெய் போட்டிருக்கு. எங்க போச்சு? எத்தனை நாளு?"

"அக்கா, இப்ப அதெல்லாம் கிளற வேணாம்."

"எத்தனை நாளுன்னு கேட்டேன்."

சிக்னலில் வண்டி நின்றது. அவன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாம் தேதி வரைக்கும்னுதான் பேச்சு" என்றான் கடைசியில். "கவகோயேல ஒரு விடுதி. புத்தாண்டுக்கு மாடத்துல வைக்க நல்ல மரமா ஒண்ணு கேட்டாங்க. இருபத்தொன்பதாம் தேதி கொண்டு போய் வெச்சேன். நாலாம் தேதி எடுக்கப் போனேன். ஏழாம் தேதி வரைக்கும் புத்தாண்டு அலங்காரத்தக் கலைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் என்ன சண்டையா போட முடியும்?"

"அப்போ எப்ப எடுத்த?"

"எட்டாம் தேதி."

"நான் வர்றதுக்கு முந்தின நாள்." கனாயே விரல் விட்டு எண்ணினாள். "இருபத்தொன்பதுல ஆரம்பிச்சு பதினோரு நாளு. மேப்பிள! சூட்டு ரூம்ல! ரெண்டு நாளுக்கு மேல உள்ள வைக்கக்கூடாதுன்னு நாலாங்கிளாஸ்லயே நமக்குத் தெரியும்டா. அதுவும் அடுத்தவங்க நம்பிக் குடுத்து வெச்ச மரம். உடையவர ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டார்."

"அட, என்ன அறிவு!"

விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ரியோஹெய் வண்டியை எடுத்தான். குரல் இறங்கிக் கெஞ்சலாகிவிட்டது.

"அக்கா, யோசிச்சுப் பாரு. இது வெளிய தெரிஞ்சா எவன் நம்ம கிட்ட மரம் விடுவான்? கண்காட்சிக்கு ஒரு மாசம்கூட இல்ல. என் பேரு முதல் தடவையா வரப்போகுது. கவனக்குறைவுன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுருவார். மரத்த வெளிய குடுத்தோம்னு தெரிஞ்சா அவ்வளவுதான். நீ ஒரு தடவை குனிஞ்சா எல்லாம் முடிஞ்சுரும்."

"நான் ஏன்டா குனியணும்?"

"நீ எங்கயும் பேர் போட்டு நிக்கப்போறதில்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னான். உப்புப் போதவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். அதனால்தான் அது அப்படித் தைத்தது. ஒன்பது குளிர்காலம் விரல் வெடித்து, ரத்தம் கட்டி, தண்ணீர் ஊற்றிய மரங்களெல்லாம் யார் யார் பெயரிலோ பரிசு வாங்கின. ஒரு அட்டையிலும் தன் பெயர் இல்லை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கு இது விலை.

 யோகான் பெட்டி மடியில் கனத்தது.

இவபுச்சி ஐயா ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எண்பத்தொன்று. மனைவி போய் ஐந்து வருஷம் ஆகிறது. நாற்பது மரங்களை நெமோட்டோ தோட்டத்தில் விட்டு வைத்திருக்கிறார். அதில் முப்பத்தொன்பது அவருடையவை. மேப்பிள் மட்டும் அந்த அம்மாவுடையது. ஒரு பென்சில் அளவுக் குச்சியை நட்டு, முப்பத்தொரு வருஷம் வளர்த்தார்.

வரவேற்பறைக் கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அறைந்தது. மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன்மேல் கொதிக்கும் கெண்டி. சுவரிலிருந்த வெப்பமானியைக் கனாயேவின் கண் தானாகத் தேடியது. இருபத்தைந்து.

ரியோஹெய் பாயில் மண்டியிட்டான். உட்கார்ந்ததும் உட்காராததுமாக இனிப்புப் பெட்டியை முன்னால் தள்ளினான். மன்னிப்புக் கிடைத்த பிறகு கொடுக்க வேண்டியதை வாசல் டிக்கெட் மாதிரி முதலிலேயே நீட்டுகிறானே என்று கனாயேவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கிழவர் பெட்டியைத் தொடவில்லை.

ரியோஹெய் நெற்றி பாயில் படக் குனிந்தான். அவளும் குனிந்தாள். அவள் பேசுவதற்காக அவன் காத்திருந்தான். அவள் வாயைத் திறக்காததைப் பார்த்து அவனே ஆரம்பித்தான்.

"கொட்டகையைப் பாத்துக்கறது அக்காதான். பன்னெண்டு நாள் ஊருக்குப் போயிருந்தா. வந்த பிறகும் சரியா கவனிக்கல. எங்க வீட்டோட கவனக்குறைவு. மன்னிக்கணும்."

"ஒன்பது வருஷமா நீங்கதானே பாத்துக்கறீங்க?" என்று கிழவர் கனாயேவைக் கேட்டார். குரலில் சூடு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆமாங்கய்யா."

"உங்க கை நல்ல கைன்னு என் மனைவி சொல்வா. அவ சொன்னதுல தப்பானது இது ஒண்ணுதான்." எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்றார். "சரி. திட்டி என்ன ஆகப்போகுது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மரத்த இங்க கொண்டுவந்து குடுத்துடுங்க. நானே பாத்துக்கறேன். இங்க கதகதப்பா இருக்கும். இந்த அடுப்புப் பக்கத்துல வெச்சுக்கறேன்."

ரியோஹெய் மூச்சு விட்டான். விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டான். மறுபடி ஒரு குனி குனிந்தான். "அப்படியே செய்யறோம்."

கனாயே அடுப்பைப் பார்த்தாள். திரை போட்ட ஜன்னலைப் பார்த்தாள். இந்த வெப்பத்தில், இந்த இருட்டில், ஒரே வாரத்தில் இலை முழுக்க வந்துவிடும். வெளுத்த, நீண்ட, ஒன்றுக்கும் உதவாத இலை. மார்ச்சில் மரம் செத்துவிடும். கிழவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமல், பார்த்துக்கொண்டிருப்பார்.

"வேணாங்கய்யா" என்றாள்.

ரியோஹெய் அவள் கையைக் கிள்ளினான்.

"இங்க வெச்சா செத்துரும். விழிச்ச மரத்துக்குச் சூடும் ஆகாது, உறையவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல வெச்சு, வெளிச்சம் காட்டி, ஏப்ரல் வரைக்கும் ஓட்டணும். என்னால முடியும். என்கிட்ட விடுங்க."

"உங்ககிட்ட விட்டதாலதான் இப்படி ஆச்சு." இப்போது கிழவர் குரல் ஏறியது. "தூங்கிட்டிருந்த மரத்த எழுப்பி விட்டவங்க கையில மறுபடியும் குடுக்கச் சொல்றீங்களா? என்ன தைரியம்மா உங்களுக்கு!"

நியாயமான கேள்வி. பழியை ஏற்றுக்கொண்டால் மரம் கைவிட்டுப் போகும். பழியை மறுத்தால் தம்பி போவான், தோட்டத்தின் பெயர் போகும். அவளுக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

"நான் எழுப்பல." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டிசம்பர் இருபத்தொன்பதுலேர்ந்து ஜனவரி எட்டு வரைக்கும் உங்க மரம் எங்க கொட்டகையிலயே இல்ல. கவகோயேல ஒரு விடுதி மாடத்துல இருந்துச்சு. பதினோரு நாளு. இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

"அக்கா!"

கனாயே கைக்குட்டையைப் பிரித்து, இரண்டு பாசித் துண்டுகளையும் பாயின்மேல் வைத்தாள். நாற்பது வருஷமாக மரம் வைத்திருக்கிறவர். விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். 

"அவ செத்துப்போன அன்னிக்கு" என்றார். "அவ தலைமாட்டுல இந்த மரத்த வெச்சேன். ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி. ரெண்டாவது ராத்திரி வெச்சா அவளே எழுந்து வந்து திட்டுவான்னு வெளிய எடுத்து வெச்சேன்." ரியோஹெய் பக்கம் திரும்பினார். "யாரக் கேட்டுக் குடுத்த?"

ரியோஹெய்யின் நெற்றி பாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே, பாய்க்குள் பேசுவதுபோலச் சொன்னான்:

"அப்பா குடுக்கச் சொன்னார். அவரேதான் பாசி வெச்சார். நான் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான்."

கனாயே அந்த நகத்தளவுத் துண்டுகளைப் பார்த்தாள். ரியோஹெய் பாசி வைத்தால் கை அகலத்துக்குப் பிய்த்து ஒட்டிவிட்டுப் போவான். இவ்வளவு சின்னதாகக் கிள்ளி, தையல் தெரியாமல் சேர்க்கிற பொறுமை அந்த வீட்டில் ஒரே ஒரு கைக்குத்தான் உண்டு. காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள மனம் ஒப்பவில்லை.

கொட்டகை யார் பொறுப்பு என்று கேட்டாரே! இல்லாம போனதுதான் தப்பு என்றாரே! எல்லாம் தெரிந்துகொண்டு, தன் கையால் செய்த காரியத்துக்கு மகளைக் குனியச் சொல்லி அனுப்பினாரே!

கிழவர் இனிப்புப் பெட்டியைத் திரும்பத் தள்ளினார். அதை ரியோஹெய் பக்கம் தள்ளினார், கனாயே பக்கம் அல்ல.

"இத எடுத்துட்டுப் போ. உன் அப்பனுக்குக் குடு." பிறகு அவளிடம் சொன்னார்: "மரம் உங்ககிட்ட இருக்கட்டும். உங்க தோட்டத்துகிட்ட இல்ல, உங்ககிட்ட. ஏப்ரல்ல வருவேன். இலை பச்சையா இருந்தா மத்த முப்பத்தொன்பதும் உங்க பேர்ல இருக்கும். இல்லைன்னா நாப்பதும் வேற இடம் போயிரும். கண்காட்சிக்கு ஒண்ணும் போகாது."

 திரும்பும் வழியில், தெரு முனையில் ரியோஹெய் வாயைத் திறந்தான்.

"ஏன் குடுத்தார்னு என்னக் கேக்காத. நானும் கேட்டுப் பாத்தேன். அந்த விடுதியம்மா பேரச் சொன்னாலே எழுந்து போன்னுடறார்."

"எந்த அம்மா?"

"எனக்கென்ன தெரியும்? அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும். மரத்தப் பாத்ததும் அழுதுட்டா. புத்தாண்டும் அதுவுமா."

வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. வெயில் சாய்ந்துவிட்டது. அப்பாவின் அறையில் தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் கணகணவென்று எரிந்தது.

கனாயே நேராக அங்கே போகவில்லை. முதலில் வீட்டைச் சுற்றினாள். சமையலறை சூடு. குளியலறையில் ஆவி. சாமான் அறையில் வெளிச்சம் கிடையாது. மாடி முழுக்க ரியோஹெய்யின் பிள்ளைகள். உறையாத, சூடேறாத, பகல் முழுக்க வெளிச்சம் விழுகிற இடம் ஒன்று வேண்டும். அப்படி ஓர் இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. தெற்குப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவுகள் உள்ள அறை. ஹீட்டரை மட்டும் நிறுத்திவிட்டால் போதும்.

கொட்டகைக்குப் போய் மேப்பிளைத் தூக்கினாள். மரமும் தொட்டியும் சேர்ந்து இருபது கிலோ இருக்கும். பாதி வழியில் சிஹோ ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எண்ணெய்த் துணியத் துவைச்சது நான்தான்" என்றாள். மூச்சு வாங்கியது. "அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். வாயில கொழுக்கட்டைய வெச்சுட்டு இருந்துட்டேன்."

"நிலைப்படி பாத்து வா" என்றாள் கனாயே. மன்னிக்கிற நிலைமையில் அவள் அப்போது இல்லை.

கதவை விரலால் தள்ளித் திறந்தார்கள். தோகுஜி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "முடிஞ்சுதா?" என்றார். பிறகுதான் மரத்தைப் பார்த்தார்.

கனாயே மரத்தைக் கண்ணாடிக் கதவோரம் தாழ்வான மேசைமேல் வைத்தாள். யோகான் பெட்டியை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் கை தானாக அதன் கனத்தைப் பிடித்தது.

"இது உங்களுக்கு வந்தது. தப்பான ஆள் தூக்கிட்டுப் போயிட்டேன்."

குனிந்து ஹீட்டரை அணைத்தாள். விசிறி நின்றதும் அறை திடீரென்று அமைதியானது. தொலைக்காட்சியில் கூட்டம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ற?"

"இன்னிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் இந்த ரூம்ல நெருப்பு கிடையாது. சமையலறை பக்கத்துல சிஹோ உங்களுக்குப் படுக்கை போட்டுருவா."

"நான் இந்த ரூமவிட்டு நகர மாட்டேன். முப்பது வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன்."

"தாராளமா உக்காருங்க."

"எனக்குக் குளிரும்டி!"

"மரத்துக்குத் தூக்கம் போச்சுப்பா." அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்தான். "ஏப்ரல் வரைக்கும் தூங்க வேண்டியது. நீங்க உசுப்பி விட்டுட்டீங்க. என்னக் குனியச் சொன்னீங்க, குனிஞ்சேன். யாருக்காகக் குனியறேன்னுகூடத் தெரியாம குனிஞ்சேன். எல்லாம் தெரிஞ்ச நீங்க ஹீட்டர் பக்கத்துல உக்காந்து சுமோ பாத்துட்டிருந்தீங்க. கொஞ்சம் குளிரட்டும். ஒண்ணும் ஆகிடாது."

 வாழ்நாளில் தோகுஜியிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. வாசலில் நின்ற ரியோஹெய் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. சிஹோ அலமாரியிலிருந்து கனமான போர்வை ஒன்றை எடுத்து மாமனாரின் காலைச் சுற்றிவிட்டு, படுக்கை விரிக்கப் போனாள்.

கனாயே வெப்பமானியைக் கொண்டுவந்து மேசைக் காலில் கட்டினாள். பதினெட்டு. மெதுவாக இறங்கும். படுக்கிற நேரத்துக்குள் பத்தாகும், விடிவதற்குள் நாலோ மூன்றோ. அதற்குக் கீழே போகாது. கழுத்திலிருந்த கொட்டகைச் சாவியை உள்ளே தள்ளிவிட்டு, மரத்தைத் தொட்டியோடு மெல்ல நகர்த்தித் திருப்பினாள். எந்த மரத்துக்கும் ஒரு முகம் உண்டு, ஒரு முதுகு உண்டு. முகத்தைத்தான் பார்க்கிறவர்கள் பக்கம் வைப்பார்கள். அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்தாள்.

பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு தோகுஜி அதைப் பார்த்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.  குரலில் அதட்டல் இல்லை.

"கனாயே, அந்த விடுதியம்மா நாளைக்கு இங்க வர்றா. மரத்தப் பாக்கணும்னு சொன்னா. வர்றவ முன்னாடி மரம் முதுகக் காட்டிட்டு நிக்கக் கூடாது. திருப்பி வை."

"யாருப்பா அவ?"

அப்பா பெட்டியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். 

கனாயே ஒரு நிமிஷம் காத்திருந்தாள். கதவுக் கண்ணாடியில் அதற்குள் அப்பாவின் மூச்சு லேசாகப் படியத் தொடங்கியிருந்தது.

"சொல்ல வேணாம்" என்றாள். "வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கு, முகம் அந்தப் பக்கம்தான் இருக்கும். நீங்க முதுகையே பாத்துட்டு இருங்க. வந்தா அவளும் பாக்கட்டும்."